பதினெட்டாவது குழிக்குப் பக்கத்துக் கழிப்பறை

மினா காகில் தன் வாழ்க்கையில் முதன்முதலாகக் கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்தது கழிப்பறைக்குப் போவதற்காக. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். ஸ்காட்லாந்துக் கடலோரத்து இன்வர்லோரியில் யாரும் சிரிப்பதில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதற்காகத்தான் மட்டை பிடித்தார்கள்.

நான் அந்த ஊர் நகரசபையில் செயலராக இருந்தவன், பெயர் லம்ஸ்டன். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று முகத்துக்கு நேரே புகழ்வார்கள். முதுகுக்குப் பின்னாலும் அதையே சொல்வார்கள், தொனிதான் வேறாக இருக்கும்.

நகரசபைக்குச் சொந்தமாக எங்களிடம் இருந்தவை ஒரு கடிகாரம், ஒரு கழிப்பறை, ஒரு கோல்ஃப் மைதானம். கடிகாரம் ஓடாது. மைதானத்துக்கு வருடா வருடம் வீட்டுவரிப் பணத்திலிருந்து மானியம் போகும். புல் வெட்டவும், கடற்காற்று வாரிக்கொண்டு போகும் மணலை மறுபடி கொட்டவும், முயல்களை விரட்டவும் அது சரியாக இருக்கும். மைதானம் லாபம் காட்டி நான் பார்த்ததில்லை, காட்டும் என்று யாரும் எதிர்பார்த்ததும் இல்லை. உள்ளூர்க்காரனுக்கு ஆண்டுச் சீட்டு கிட்டத்தட்ட சும்மா மாதிரி. ரொட்டிக்கடைக்காரரும் வங்கி மேலாளரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பள்ளத்து மணலில் பந்தைத் தேடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பணக்காரர்கள் மட்டும் ஆடுகிற ஊர்களைப் பார்த்தவன் நான். எங்கள் ஊர் அதற்கு எவ்வளவோ மேல்.

கழிப்பறை கதை வேறு. துறைமுகத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தால், பதினெட்டாவது குழிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி பச்சை வண்ணம் அடித்து நிற்கும். ஆண்கள் பக்கத்துக்குக் கதவே கிடையாது, காசும் கிடையாது. பெண்கள் பக்கத்தில் மட்டும் பித்தளைப் பூட்டு. அதன் வாயில் ஒரு பென்னிக் காசைப் போட்டால்தான் கதவு திறக்கும். அரசாங்கம் பழைய காசை ஒழித்துவிட்டுப் புதுக் காசு கொண்டுவந்தபோது அந்தப் பெரிய பென்னி செல்லாமல் போனது. வங்கியிலும் இல்லை, கடையிலும் இல்லை. பூட்டுக்கு அது புரியவில்லை. அது பழைய பென்னியையே கேட்டது.

பூட்டை மாற்றியிருக்கலாமே என்பீர்கள். ஊரில் பூட்டு விற்கிற ஒரே இரும்புக்கடை, நகரத் தலைவர் ஹெக்டர் மோன்கருடையது. தலைவர் கடையில் நகரசபை பொருள் வாங்கக் கூடாது. வெளியூரிலிருந்து வரவழைக்கப் பணம் ஒதுக்கவில்லை. பூட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றால், பெண்களிடம் காசு வாங்க வேண்டும் என்று ஊர் விதி இருக்கிறது, அதை மாற்ற எடின்பரோவில் இருக்கும் மேலதிகாரிகள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக, தலைவர் கதவில் ஒரு பலகையை அறைந்து மூடினார். ஆண்கள் பக்கம் எப்போதும்போல் திறந்து கிடந்தது.

மினா அப்போது துறைமுகத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். சிறுவயதில் ஹெர்ரிங் மீன் போகும் இடமெல்லாம் கூடவே போய், கரை கரையாக நின்று குடல் எடுத்தவள். விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, உப்புப் பீப்பாய்க்கு முன்னால் மூவர் மூவராக நிற்பார்கள். இருவர் கத்தி பிடிக்க, ஒருத்தி அடுக்குவாள். மினாவின் கூட்டத்தில் அடுக்கியவள் டீனி ஸ்பிங்க். மூன்றாமவள் கனடாவுக்குக் கல்யாணமாகிப் போனாள். மினாவின் கணவரைக் கடல் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது டீனிதான்.

டீனி குன்றின் மேல் புதிதாகக் கட்டின வீடுகளில் ஒன்றில் இருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் பஸ் பிடித்துத் துறைமுகத்துக்கு வருவாள். மினாவின் கடைக்குப் பக்கத்தில் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் இருவருமாக வாரு வாரு என்று வாருவார்கள். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பலகை அறைந்த பிறகு டீனி வருவது நின்றுபோனது. பிரசவத்தில் ஏற்பட்ட கோளாறு, அவளால் அடக்கிக்கொள்ள முடியாது. பஸ்ஸில் வரவும் போகவும் ஆகிற நேரமே அவளுக்கு அதிகம். இதை மினாவிடம்கூட அவள் சொல்லவில்லை. முதுகுவலி என்றாள், பூனைக்கு உடம்பு சரியில்லை என்றாள். கடைசியில் மினா மீனை அப்படியே போட்டுவிட்டுக் குன்றேறிப் போய்க் கதவைத் தட்டிக் கேட்டபோதுதான் அழுதுகொண்டே சொன்னாளாம்.

மறுநாள் மினா என் அலுவலகத்துக்கு வந்தாள். கூடவே மீன் வாடையும் வந்தது.

"செயலரே, பொம்பளைங்க கக்கூஸை எப்ப திறப்பீங்க?"

"பணம் இல்லைங்க, மிசஸ் காகில்."

"பதினெட்டு குழிக்கு மணல் கொட்டப் பணம் இருக்கு. ஊருக்கு ஒரு கக்கூஸுக்கு இல்லையா?"

"அது கோல்ஃப் கணக்கு. அதை நகரசபைதான் மாத்தணும்."

"அப்ப நான் நகரசபைக்கே வரேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மே மாதத் தேர்தலில் நின்றாள். பேச்சும் கிடையாது, சுவரொட்டியும் கிடையாது. கழிப்பறைக் கதவிலிருந்த பலகையைக் காட்டினாள், அவ்வளவுதான். ஊரிலுள்ள பெண்கள் எல்லோரும் அவளுக்குப் போட்டார்கள். சில ஆண்களும் போட்டார்கள், வீட்டில் சாப்பாடு வேண்டுமே.

எங்கள் நகரசபை வெள்ளிக்கிழமை மதியம் கூடும். மற்ற எல்லா நாளும் தலைவர் ஆடப் போய்விடுவார். பிப்ரவரிக் கூட்டத்தில் கோல்ஃப் மானியம் வரும். அன்று நடப்பது ஊரறிந்த சடங்கு. நான் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வேன்: "அடுத்தது கோல்ஃப். சீட்டு வச்சிருக்கிறவங்க, வீட்ல யாராச்சும் வச்சிருந்தாலும் சரி, எழுந்து வெளிய போகணும்." சொந்த ஆதாயம் உள்ள விஷயத்தில் உறுப்பினர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது சட்டம். மலிவான சீட்டு ஆதாயம்தானே? முன்னால் இருந்த செயலர்கள் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். நான் விடுவேனா. ஒன்பது உறுப்பினர்களும் எழுந்து வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்று பந்தடித்த கதை பேசுவார்கள். முடிவெடுக்கக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். உள்ளே நான் மட்டும் இருப்பேன், எனக்கு ஓட்டு இல்லை. முடிவு எடுக்காத விஷயத்துக்குப் போன வருடத் தொகையே செல்லும் என்பது இன்னொரு விதி. நான் கதவைத் திறந்து "வாங்க" என்பேன். எல்லோரும் வந்து உட்கார்ந்து அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். இப்படித்தான் எங்கள் கோல்ஃப் மைதானம் யாரும் ஓட்டுப் போடாமலே வருடா வருடம் பிழைத்தது.

மினா வந்த வருடம் எட்டுப் பேர் எழுந்து போனார்கள். அவள் மட்டும் நாற்காலியில் குந்தியிருந்தாள்.

"சரி, நான் ஓட்டுப் போடறேன். அந்தப் பணத்துல கொஞ்சம் எடுத்துக் கக்கூஸுக்குப் பூட்டு வாங்கணும். முடிஞ்சுது. எழுதுங்க."

"எழுத முடியாதுங்க. மூணு பேர் வேணும்."

"அவங்களைக் கூப்பிடுங்க."

"அவங்க வந்தா சட்டப்படி பேசக் கூடாது."

"அப்ப நான் ஒருத்தி இருக்கேனே, நான் மனுஷி இல்லையா?"

"மனுஷிதாங்க. மூணு மனுஷி இல்லை."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், கத்தி கையில் இல்லாமல் போனதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அடுத்த சில வாரம் மினா உறுப்பினர்கள் வீட்டுக்கு வீடு போனாள். இரண்டு பேர் சீட்டை விட்டுக்கொடுத்தால் போதும், மூன்று பேர் ஆகிவிடும். அவளைத் தங்கள் சிறுநீரகத்தைக் கேட்க வந்தவளைப் போலப் பார்த்தார்கள். ஒருவர் மனைவியைச் சாட்சிக்கு அழைத்து, "இவ சொல்லட்டும், நான் ஆடலேன்னா இவளை நாள் முழுக்கப் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார். மனைவி அலறிக்கொண்டு, "ஐயோ மினா, அவர் ஆடட்டும்" என்றாளாம். தலைவர் மோன்கர் அவளுக்குத் தேநீரும் கேக்கும் கொடுத்து, பெண்கள் அந்தக் காலத்தில் வெளியே வந்தால் அடக்கிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று விளக்கினார். மினா கேக்கைத் தின்றுவிட்டுத்தான் திட்டினாள்.

பிறகு ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். குரலில் கோபம் இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"ஏன் செயலரே, கோல்ஃப் மைதானத்துக்குள்ள இருக்கிற எதையும் யாராலயும் தொட முடியாது. சரிதானே?"

"நகரசபையால முடியாதுங்க."

"மைதானம் எது வரைக்கும்னு யார் சொல்றது?"

"வெள்ளைக் கட்டைங்க நட்டிருக்கும். அது வரைக்கும்."

"கட்டையை யார் நடறது?"

"டூகல்." டூகல் புல்வெட்டி. கடல் கரையை அரிக்கும்போதெல்லாம் கட்டைகளைப் பிடுங்கி இங்கும் அங்கும் நடுவது அவன் வேலை. அதற்கு யாரும் அனுமதி கொடுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

"டூகல் பொண்டாட்டி எங்கிட்டதான் மீன் வாங்குறா" என்று சொல்லிவிட்டு மினா போய்விட்டாள்.

டூகலின் மனைவிக்கும் அந்தப் பலகை மேல் கோபம் இருந்ததாகப் பிறகு தெரிந்தது. மறுநாள் காலை டூகல் தேநீர் குடிப்பதற்கு முன்னாலேயே கட்டைகளைப் பிடுங்கி, கழிப்பறைக்கு அந்தப் பக்கம் நட்டுவிட்டான். ஒற்றையடிப் பாதையும் கழிப்பறையும் கோல்ஃப் மைதானத்துக்குள் வந்துவிட்டன. மைதானத்துக் கட்டடங்கள் எல்லாம் டூகல் பொறுப்பு, ஆடுகிறவர்கள் உபயோகத்துக்கு இலவசமாக விட வேண்டும் என்பது மைதானத்து விதி. மதியத்துக்குள் பலகையைப் பெயர்த்தான், பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

தலைவர் விஷயத்தைத் தெரிந்துகொண்டது மாலையில், பதினெட்டாவது குழிக்கு அடித்த பந்து தகரக் கூரையில் மோதியபோது. உள்ளேயிருந்து ரொட்டிக்கடைக்காரரின் தாயார், "யாருடா அது?" என்று கத்தினார்.

தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். கட்டைகளைப் பழைய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று முழங்கினார். மேஜையைத் தட்டினார். நான் எழுந்து தொண்டையைச் செருமினேன்.

"இது கோல்ஃப் விஷயம். சீட்டு வச்சிருக்கிறவங்க..."

தலைவர் வாய் பிளந்து நின்றார். பிறகு எட்டுப் பேரும் வரிசையாக வெளியே போனார்கள். கடைசியாகப் போன தலைவர் வாசலில் திரும்பி, "லம்ஸ்டன், உன்னை யாரு பெத்தா?" என்று கேட்டார். உள்ளே மினா இரு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் உட்கார்ந்த மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"முடிவு இல்லை" என்று நான் சொன்னேன்.

"ரொம்ப வருத்தமா இருக்கு" என்றாள் மினா.

ஆனால் மோன்கர் ஒன்றும் சும்மா தலைவராகவில்லை. அவருக்கும் விதி படிக்கத் தெரியும். மைதானத்துக்குள் சீட்டு இல்லாதவர் நடக்கக் கூடாது, நடப்பவர் கையில் மட்டை இருக்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று உண்டு. நாயை உலாவக் கூட்டி வருகிறவர்களை விரட்ட எழுதியது. பாதை தொடங்குகிற இடத்தில் ஓர் ஆளைச் சீருடை போட்டு நிறுத்தினார். பெண்கள் இத்தோடு அடங்கிவிடுவார்கள் என்று அவர் நினைப்பு.

பெண்கள் சீட்டு வாங்கினார்கள். சீட்டுதான் கிட்டத்தட்ட சும்மா ஆயிற்றே, அதற்குத்தானே மானியம்! மட்டைக்கு வீட்டில் பஞ்சமில்லை, புருஷன் பையிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டார்கள். அந்தக் கோடையில் இன்வர்லோரிக்கு வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். கடைப்பை ஒரு கையில், மட்டை ஒரு கையில், தலையில் மழைக்குக் கட்டிய துணியோடு பெண்கள் வரிசையாகப் பாதையில் போவார்கள். வாசலில் மட்டைகளைச் சாத்திவிட்டு உள்ளே போவார்கள். பாதிரியாரின் மனைவி தன் மட்டைக்குக் கம்பளியில் குல்லாய் பின்னியிருந்தார். ஆண்கள் பக்கத்துக்கும் அதே விதிதான் என்பது தலைவருக்குப் பிறகுதான் உறைத்தது. படகிலிருந்து அவசரமாக ஓடி வந்த மீனவர்கள் மட்டை இல்லாமல் திரும்பி, துடுப்போடு வந்தார்கள். ஸ்காட்லாந்திலேயே வேகமாக வளரும் மைதானம் எங்களுடையது என்று பக்கத்து ஊர்ப் பத்திரிகை எழுதியது. தலைவர் அதை வெட்டிக் கடையில் மாட்டினார். வெட்கம் என்பது அவருக்கு இருந்ததே இல்லை.

சீட்டு வாங்காதவள் ஊரில் ஒருத்திதான். மினா வாங்கவில்லை. அவள் கையில் சீட்டு இல்லாத வரைக்கும் கோல்ஃப் வரும்போது அறையில் உட்கார ஒருத்தி உண்டு. அடுத்த மே மாதம் சீட்டில்லாத இருவரைத் தேடிப்பிடித்து நிறுத்திவிட்டால் மூன்று பேர் ஆகிவிடும். பிறகு இந்த மட்டையும் வேண்டாம், காவலாளும் வேண்டாம், பணத்தை நேராக எடுத்துக் கழிப்பறைக்கே கொடுக்கலாம். அதைத்தான் அவள் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சீட்டில்லாமல் அவளும் பாதையில் போக முடியாது, அதற்காக நாள் முழுக்கத் தேநீர் குடிப்பதையே விட்டுவிட்டுக் கடையில் நின்றாள். பிடிவாதத்துக்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

டீனி சீட்டு வாங்கியிருந்தாள். முதல் வெள்ளிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி, இறந்துபோன தன் அண்ணனின் மட்டையை ஊன்றிக்கொண்டு தனியாகப் பாதையில் போனாள். பாதி வழியில் யாரோ தூரத்திலிருந்து, "பந்து! தலை பத்திரம்!" என்று கத்தினார்கள். எல்லா ஆட்டக்காரனும் கத்துவதுதான். டீனி நடுப்பாதையில் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது அவளுக்குப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. நான்கு ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலங்கியை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மீன்கடைப் பக்கம் திரும்பாமலே பஸ்ஸுக்குப் போனாள். அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மினா கதவு திறந்துகொடுத்தாள், யாருக்காகத் திறந்தாளோ அவள் மட்டும் வராமல் போனாள்.

குளிர்காலம் முழுக்க மினா யாரையும் வாரவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. மீன் வாங்கப் போய்த் திட்டு வாங்காமல் திரும்புவது சாப்பிடாமல் வருவது போல இருந்தது.

பிப்ரவரி வந்தது. கோல்ஃப் விஷயத்துக்கு முந்தின நாள் மினா என் அலுவலகத்துக்கு வந்து ஒரு சீட்டு கேட்டாள்.

"மிசஸ் காகில், யோசிச்சுப் பாருங்க. இதை வாங்கிட்டா நாளைக்கு நீங்களும் வெளிய போகணும். அடுத்த வருஷமும் போகணும். இத்தனை பாடுபட்டது எதுக்கு?"

"எதுக்கா? கூட ஒருத்தி நடந்தா வரேன்னு டீனி சொல்றா. சீட்டில்லாம நான் எப்படி நடக்கிறது? பாதையில நிக்கிற உங்க ஆளு விடுவானா?"

"வேற யாராச்சும் கூடப் போகக் கூடாதா?"

"நாப்பது வருஷமா அவ பக்கத்துல நின்னது நானா, வேற யாராச்சுமா?" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி, "ஓட்டு கெடக்கட்டும் சார். சீட்டைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். அன்றைக்கு முதன்முறையாக என் விதிகள் மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

மறுநாள் நான் எழுந்து சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒன்பது பேரும் எழுந்தார்கள். தலைவர் ஓடிப் போய் மினாவுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் பல்.

"வாங்க மினா, வாங்க! கடைசியில நீங்களும் நம்ம கட்சி."

"வழியை விடுங்க தலைவரே. எனக்கு ஆட்டம் இருக்கு" என்றாள் மினா.

மற்ற எட்டுப் பேரும் தாழ்வாரத்தில் நின்றார்கள். அவள் நிற்காமல் படியிறங்கிப் போனாள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நான் வழக்கம்போல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜன்னலுக்குப் போனேன். அங்கிருந்து பதினெட்டாவது குழி நன்றாகத் தெரியும்.

பாதையில் இரண்டு பெண்கள். ஒருத்தி மட்டையை ஊன்றிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி மட்டையைத் தோள்மேல் துப்பாக்கி மாதிரி வைத்துக்கொண்டு, மைதானத்துப் பக்கமாக நடந்தாள், பந்து வந்தால் தன்மேல் படட்டும் என்பதுபோல. தூரத்தில் ஒருவன் பந்தடிக்கக் கையை ஓங்கினான். மினா அவன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் மட்டையைத் தாழ்த்தி, தொப்பியையும் கழற்றிக்கொண்டு நின்றான்.

நான் கதவைத் திறந்து தாழ்வாரத்தில் நின்றவர்களை உள்ளே கூப்பிடுவதற்குக் கொஞ்சம் தாமதமானது. இருவரும் பச்சைக் கதவுக்குள் மறையும் வரை ஜன்னலிலேயே நின்றேன். கூட்டம் முடிந்து மீன்கடைப் பக்கம் வந்தபோது முதல் பஸ் போய்விட்டிருந்தது. டீனி அதில் போகவில்லை. கவிழ்த்த மீன்பெட்டியில் உட்கார்ந்து, கையில் தேநீர்க் கோப்பையோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்டி மினா, இந்த ஆளு இன்னும் அதே கோட்டைத்தான் போட்டுக்கிட்டு அலையறானா?"

"அதை மாத்தறதுக்கும் மூணு பேர் வேணுமாம்" என்றாள் மினா, தன் கோப்பையையும் நிரப்பிக்கொண்டு.

அடுத்த பஸ்ஸும் டீனி இல்லாமல்தான் போனது.